உப்புத் தண்ணீரில் ஐரிஸ்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். வாசலில் சிமெண்ட் தொட்டி கட்டி அல்லியும் தாமரையும் விட்டிருக்கும் வீடுகளைக் கோவை, ஈரோடு பக்கம் இப்போது நிறையப் பார்க்கிறோம். அந்தத் தொட்டியோரம், வாள்போல இலை விடும் ஐரிஸ் என்ற பூச்செடியை வைக்கலாமா? வைக்கலாம், வகை பார்த்து.

படத்தில் பார்த்து எல்லோரும் ஆசைப்படுவது, கீழிதழில் தாடிபோல ரோமம் உள்ள வகை. அதற்கு நல்ல குளிர்காலம் வேண்டும். ஈரம் தங்கினால் கிழங்கு அழுகிவிடும். நம் சமவெளிக்கு வேண்டாம். ஜப்பான் ஐரிஸ் ஈரம் விரும்பும், ஆனால் புளிப்பு மண் கேட்கும், ஊட்டிக்காரர்கள் முயலட்டும். நான் சொல்வது லூசியானா ஐரிஸ். மிசிசிப்பி ஆற்றின் கடைமடைச் சதுப்பில் வளர்ந்த இனங்களிலிருந்து வந்தது, வெக்கைக்கும் புழுக்கத்துக்கும் பழகியது.

குளிர்ந்த மாதங்களில் வளர்ந்து கோடையில் ஓய்வெடுக்கும் செடி இது. அதனால் ஐப்பசி மழையோடு நடுங்கள். மஞ்சள் விரலி மாதிரி கிழங்கைப் படுக்கையாக வைத்து, மேலே ஓர் அங்குலம் மண் மூடினால் போதும். சட்டியோடு தொட்டிக்குள் இறக்கினால் மண்ணுக்கு மேல் இரண்டு, மூன்று அங்குலத் தண்ணீர் நிற்கட்டும். காலை வெயில் நன்றாக விழ வேண்டும். சித்திரையில் மேற்கு வெயிலை மறைத்துக் கொடுங்கள். கொசுவுக்குக் கப்பி மீன் விட்டுவிடுங்கள்.

நமக்குப் பெரிய தொல்லை போர்வெல் உப்புத் தண்ணீர்தான். அதிலுள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேர் எடுக்க முடியாது. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறியும் இளம் இலை வந்தால் காரணம் இதுதான். உடனே யூரியாவைத் தூக்காதீர்கள். கூரைத் தண்ணீரைப் பிடித்து விடுங்கள், சிறுவாணித் தண்ணீர் வரும் வீடென்றால் இன்னும் வசதி. மட்கிய தென்னை நார்க்கழிவும் இலை மட்கும் கலந்தால் மண் இளகும். ஈரமாக இருக்கிறதே என்று துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். சோப்புத் தண்ணீரும் காரம்தான். அந்த இடம் வாழைக்கே இருக்கட்டும்.

கிழங்கு கிடைக்கவில்லையா? வசம்பு நடுங்கள். பூ சொல்லிக்கொள்ளும்படி இருக்காது, ஆனால் அதே வாள் இலை.

அப்புறம், குளத்தோரத்துக்கென்று மஞ்சள் பூ ஐரிஸ் ஒன்றையும் விற்பார்கள். விதை தண்ணீரில் மிதந்து போய் எங்கும் முளைக்கும். அமெரிக்காவில் அதைக் களையாகவே பிடுங்குகிறார்கள். ஆகாயத்தாமரையோடு நம் குளங்கள் படும் பாடு போதாதா? எந்த ஐரிஸானாலும் கழிக்கும் கிழங்கை வாய்க்காலில் எறியாதீர்கள். ஆடு மாடு வாய்வைத்தாலும் வயிற்றுக்கு ஆகாது, வேலிக்கு உள்ளேயே வையுங்கள். நன்றி, வணக்கம்.