கடவுச்சொல்லை எழுதி வைக்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம். கடவுச்சொற்களை எங்கும் எழுதாதீர்கள், மனத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று நெடுங்காலமாக நமக்குச் சொல்லப்பட்டு வருகிறது. மின் கட்டணம், ரயில் முன்பதிவு, வங்கி, வருங்கால வைப்பு நிதி, மின்னஞ்சல் என்று ஒரு வீட்டுக்கே இருபது முப்பது கணக்குகள் சேர்ந்துவிட்ட இக்காலத்தில், அந்த அறிவுரை நடைமுறைக்கு ஒவ்வாதது என்பது என் கருத்து. அதைக் கடைப்பிடிக்க முனைபவர், பேரப்பிள்ளையின் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்து, அந்த ஒன்றையே எல்லா இடங்களிலும் போட்டுவிடுகிறார்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. 2009-இல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ 3.2 கோடிக் கடவுச்சொற்கள் களவு போயின. அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது 123456. இவ்வாறு ஓரிடத்தில் களவு போன பெயரையும் கடவுச்சொல்லையும், திருடர்கள் தானாக இயங்கும் நிரல்களைக் கொண்டு வேறு பல தளங்களில் போட்டுப் பார்க்கிறார்கள். எங்கோ அமர்ந்திருக்கும் அவர்களுக்கு உங்கள் பீரோவில் இருக்கும் குறிப்பேடு எட்டாது. பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர், கடவுச்சொற்களைச் சிறு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்று 2005-லேயே எழுதினார்.

எனவே தாராளமாக எழுதுங்கள்; ஆனால் ஒழுங்காக எழுதுங்கள். கணக்குக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பயனர் பெயர், கடவுச்சொல், ஓடிபி எந்தக் கைப்பேசி எண்ணுக்கு வரும், எந்த மின்னஞ்சல் முகவரி கொடுக்கப்பட்டிருக்கிறது ஆகிய நான்கையும் குறிக்க வேண்டும். பழைய எண்ணைக் கைவிட்ட பிறகு கணக்கைத் திறக்க முடியாமல் தவிப்பவர்கள், மூன்றாவது குறிப்பின் அருமையை அறிவார்கள். சுழியத்துக்கு நடுவே ஒரு கோடு போடுங்கள்; இல்லையேல் அது ஆங்கில எழுத்து ஓவா, சுழியமா என்று பிறகு உங்களுக்கே விளங்காது. ஏடிஎம் அட்டையின் ரகசிய எண்ணை மட்டும் இதில் எழுத வேண்டாம். அந்த நான்கு இலக்கங்கள் மனத்தில் நிற்கும்.

இவற்றுள் மின்னஞ்சலின் கடவுச்சொல்லே தலையாயது. மற்றக் கணக்குகளில் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று அழுத்தினால், புதுப்பிக்கும் இணைப்பு பெரும்பாலும் மின்னஞ்சலுக்கே வருவதால், அதைக் கைப்பற்றியவர் ஏனையவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிடலாம். அதற்கு மட்டுமாவது, தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமாக அமையுங்கள்.

கணினிப் பழக்கம் உள்ளவர்கள், கடவுச்சொற்களைப் பூட்டிச் சேமித்து வைக்கும் பிட்வார்டன், கீபாஸ் போன்ற செயலிகளைப் பயன்படுத்தலாம். அவற்றுக்கும் ஒரு தலைமைக் கடவுச்சொல் உண்டு, அதுவும் குறிப்பேட்டில் ஏற வேண்டியதே. கடவுச்சொற்களை மாதந்தோறும் மாற்ற வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை, கசிந்ததற்கு அறிகுறி இருந்தால் மாற்றினால் போதும் என்பதே அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

குறிப்பேடு இருக்குமிடம் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லோடு கைப்பேசி வழியாகவும் உறுதிசெய்யும் முறையை வைத்திருப்பவர்கள், கைப்பேசி தொலைந்தால் உள்ளே நுழைய உதவும் பத்து மாற்றுக் குறியீடுகளையும் அச்செடுத்துக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவிடலாம். ஒரு குறியீடு ஒரு முறைதான் செல்லும் என்பதால், பயன்படுத்தியதை அப்போதே அடித்துவிட வேண்டும். நன்றி, வணக்கம்.