புது வேகனைப் பழசாக்குவது எப்படி? – மாடல் ரயில் வெதரிங்

(மேசை மேல் இரண்டு நிலக்கரி வேகன்கள். இரண்டும் ஒரே மாடல்.)

இந்த இரண்டு வேகன்களையும் ஒரே நாளில்தான் வாங்கினேன். இடது பக்கம் இருப்பது பெட்டியிலிருந்து எடுத்தபடியே இருக்கிறது. வலது பக்கம் இருப்பதில் மூன்று நாள் உட்கார்ந்து துரு, கறை, கரி என்று கையில் கிடைத்ததையெல்லாம் பூசினேன். முடித்ததும் பக்கத்து வீட்டு ஐயாவிடம் காட்டப் போனேன். பெரம்பூரில் வேகன் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வேகனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் தம்பி, இது கடலுக்குள்ள கிடந்துச்சா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவரே தொடர்ந்தார்: "துரு சும்மா வராதுப்பா. தண்ணி நிக்கணும், இல்ல பெயின்ட் உரியணும். நீ நல்லா இருக்கிற தகட்டுல எல்லாம் துரு வெச்சிருக்க."

இந்த வீடியோ முழுக்க அவர் சொன்ன அந்த விஷயம்தான். வெதரிங் என்றால் அழுக்காக்குவது இல்லை. ஒவ்வொரு கறையும் எங்கிருந்து கிளம்பியது, எந்த வழியாக இறங்கியது, எங்கே போய் நின்றது என்று தெரிந்துகொண்டு அதை மட்டும் வரைவது.

(அளவுகோலின் பக்கத்தில் வேகன்.)

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நான் வைத்திருப்பது எச்ஓ அளவு, அதாவது 87-இல் ஒரு பங்கு. நிஜ பாக்ஸ்என் வேகன், அதாவது நிலக்கரி ஏற்றும் மேல்மூடி இல்லாத வேகன், ஏறத்தாழ 10.7 மீட்டர் நீளம். இங்கே அது 12.3 சென்டிமீட்டர். மேசையில் இதை இரண்டு அடி தூரத்திலிருந்து பார்க்கிறீர்கள் என்றால், நிஜ வேகனை 174 அடி தூரத்தில் நின்று பார்க்கிற மாதிரி. அவ்வளவு தூரத்தில் போல்ட்டைச் சுற்றி இருக்கும் துரு தெரியுமா? தெரியாது. நான் சாதாரணப் பிரஷ்ஷால் வைத்த 2 மில்லிமீட்டர் துருப்புள்ளி, நிஜத்தில் 17 சென்டிமீட்டர் அகலமுள்ள ஓட்டை. அந்த மாதிரி இருபது ஓட்டை வைத்திருந்தேன். ஐயா கேட்டதில் தப்பே இல்லை.

நிறத்துக்கும் இதே கதைதான். தூரத்தில் இருக்கும் பொருளின் நிறம் கொஞ்சம் வெளிறித் தெரியும். அதனால் சுத்தமான கறுப்பையும் பளீர் ஆரஞ்சையும் டப்பாவிலிருந்து அப்படியே எடுத்துப் பூசாதீர்கள். கறுப்பில் கொஞ்சம் பழுப்பும் சாம்பலும் கலந்துகொள்ளுங்கள்.

(புறநகர் ரயிலின் ஜன்னல் வழியே ஓடும் காட்சி.)

சரி, பார்க்க எங்கே போவது? சென்னையில் இருப்பவர்களுக்கு இதற்குப் பெரிய செலவு இல்லை. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி ஜன்னல் ஓரம் உட்காருங்கள். பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, எண்ணூர், அத்திப்பட்டு என்று போகப் போக சரக்கு வண்டிகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். நான் படம் எடுப்பதில்லை. நோட்டில் பென்சிலால் வேகன் வடிவத்தைக் கட்டம் போட்டு வைத்துக்கொண்டு, கறை எங்கே இருக்கிறதோ அங்கே கோடு இழுத்துக்கொள்வேன். கையால் வரையும்போதுதான், "இது ஏன் இங்கே வந்தது?" என்ற கேள்வியே வருகிறது.

எண்ணெய் டேங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நடுவில் மூடி இருக்கும். நிரப்பும்போது சிந்துவது அங்கேதான். அது உருளையின் வளைவோடு இரண்டு பக்கமும் வழியும். அதன் மேல் தூசி ஒட்டும். ஆகவே கறை நடுவில் அடர்த்தியாக இருக்கும், ஓரங்களில் அநேகமாக இருக்காது. டேங்கர் முழுக்க ஒரே சீராகக் கறுப்படித்து வைத்தால் அது டேங்கர் இல்லை, தார் டிரம்.

நிலக்கரி வேகன் இன்னும் சுவாரசியம். எண்ணூர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு ரயிலில்தான் போகிறது. பல மின் நிலையங்களில் வேகனை அப்படியே பிடித்துத் தலைகீழாகக் கவிழ்க்க டிப்ளர் என்ற இயந்திரம் உண்டு. அது பிடிக்கும் மேல் விளிம்பில் பெயின்ட் தேயும். உள்ளே கரி உரசி உரசி பெயின்ட்டே மிஞ்சாது. அங்கே துரு முழுசாக வரலாம், அது நியாயம். உள்ளிருந்து கட்டி மோதுவதால் பக்கத் தகடு வெளிப்பக்கம் லேசாகப் புடைக்கும். அந்தப் புடைப்பில் உரிந்த இடத்தில் ஒரு சின்னத் துரு, அதிலிருந்து கீழே ஒரு மெல்லிய ஒழுக்கு. வெளிப்பக்கத்துக்கு அது போதும். மற்றதெல்லாம் தூசி.

ஆனால் பாக்ஸ்என்எச்எல் என்ற பிந்தைய ரகத்துக்கு உடம்பு துருப்பிடிக்காத எஃகு. அதில் துரு வரைவது பித்தளைக் குடத்துக்குப் பாசி வரைகிற மாதிரி. மாடல் வாங்கியதும் எந்த ரகம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணிகள் பெட்டியிலும் இதுதான் வித்தியாசம். பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 1955 முதல் செய்துவந்த பழைய ரகப் பெட்டிக்குக் கழிவறை அடியிலும் வாசல்படிப் பக்கத்திலும் அரிப்பு வரும். தண்ணீர் தேங்கும் இடங்கள் அவை. பிரேக் கட்டை சக்கரத்தின் மேலேயே அழுந்துவதால் செம்பழுப்புத் தூள் பறந்து சக்கரச் சட்டகம், பெட்டியின் அடிப்பக்கம், கோடிச் சுவர் எல்லாவற்றிலும் படியும். எல்எச்பி என்ற புதிய ரகப் பெட்டிக்கு உடம்பு துருப்பிடிக்காத எஃகு, பிரேக்கோ சக்கரத்தின் மேல் அழுந்தாத டிஸ்க் ரகம். அதில் ஐசிஎஃப் பெட்டியின் செம்பழுப்பை அப்படியே பூசினால், விஷயம் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும்.

மின்சார இன்ஜினில் கூரையைப் பாருங்கள். மேலே கம்பியில் உரசும் பான்டோகிராஃபின் கார்பன் பட்டை தேய்ந்து, கூரையில் கருஞ்சாம்பல் தூள் இருக்கும். மேசை மேல் அமைத்த மாடல் ரயில் தடத்தை, அதாவது லேஅவுட்டை, நாம் எப்போதும் மேலிருந்துதான் பார்க்கிறோம். ஆனாலும் பலர் பக்கவாட்டை இழைத்து இழைத்துச் செய்துவிட்டுக் கூரையைக் கடையில் வாங்கியபடி விட்டுவிடுகிறார்கள்.

(கைகள் வேகனைக் கழுவுகின்றன.)

இப்போது வேலைக்கு வருவோம். பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் வேகனைக் கழுவி, ஒரு நாள் காய விடுங்கள். இன்ஜின் என்றால் மேல் கூட்டை மட்டும் கழற்றிக் கழுவுங்கள். அப்புறம் பளபளப்பு இல்லாத மேட் வார்னிஷ் ஒரு மெல்லிய படலம். பளபளப்பான பிளாஸ்டிக்கில் தூள் ஒட்டாது, அதற்காக.

இந்த மேட் வார்னிஷில்தான் நான் வசமாக மாட்டினேன். நவம்பர் மாதம், மழை விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். மொட்டை மாடிக்குப் போய் ஸ்ப்ரே அடித்தேன். ஐந்து நிமிடத்தில் வேகன் முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. காரணம் எளிது. ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கிறது. காற்றில் ஈரம் அதிகம் இருந்தால், அது அந்தக் குளிர்ந்த படலத்தில் நீராகப் படிந்து சிக்கிக்கொள்கிறது. ஈரமில்லாத ஒரு நாளில் மெலிதாக இன்னொரு முறை அடித்தால் பெரும்பாலும் படலம் இளகி, வெள்ளை போய்விடும். எனக்குப் போனது. ஆனால் அதற்கு ஜனவரி வரை காத்திருந்தேன்.

அதனால் சென்னைக்காரர்களுக்கு நான் சொல்வது: அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஸ்ப்ரே டப்பாவைத் தொடாதீர்கள். பிரஷ் வேலை செய்யுங்கள். கோடையில் காலை பத்து மணி வாக்கில், கடற்காற்று வீசத் தொடங்குவதற்கு முன் அடித்துவிடுங்கள். முகக்கவசம் கட்டாயம்.

(சிறு கிண்ணத்தில் பழுப்பு நீர்.)

அடுத்தது வாஷ். அக்ரிலிக் பழுப்பும் துளி கறுப்பும் எடுத்து, தேநீர் மாதிரி தெளிவாகும் அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். டிகாக்‌ஷன் மாதிரி இருந்தால் கெட்டி, இன்னும் தண்ணீர் வேண்டும். ஒரு சொட்டு சோப்பு சேர்த்தால் திரண்டு நிற்காமல் பரவும். இதை வேகன் மேல் ஓடவிட்டால், மூலைகளிலும் ரிவெட் ஓரங்களிலும் தானே போய்த் தங்கும். சமதளத்தில் மிஞ்சியதை ஈரமான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக இழுத்துவிடுங்கள். ஒருபோதும் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். மழை அப்படிப் பெய்வதில்லை.

சிலர் தண்ணீருக்குப் பதிலாக ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் சேர்ப்பார்கள். ரிச்சி தெருவில் சர்க்யூட் துடைக்க விற்பார்களே, அதேதான். சீக்கிரம் காயும், ஆனால் சில மேட் வார்னிஷ்களின் மேல் பட்டால் அதுவும் வெள்ளை பூக்கும். கீழ்ப்பக்கத்தில் ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

ஒழுக்குக்கு எண்ணெய் வண்ணம்தான் எனக்குப் பிடித்தது. பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு டியூபிலிருந்து கொஞ்சம் எடுத்து ஓர் அட்டைத் துண்டில் அரை மணி நேரம் வையுங்கள். அட்டை எண்ணெயை உறிஞ்சிவிடும், வண்ணம் பளபளக்காது. பெயின்ட் உரிந்ததாக நீங்கள் முடிவு செய்த இடத்தில் குண்டூசி முனையால் ஒரு புள்ளி. டர்பன்டைனில் நனைத்துத் துடைத்த பிரஷ்ஷால் அதைக் கீழ்நோக்கி ஒரே இழுப்பு. பிடிக்கவில்லையா, துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். ஒரு வேகனின் ஒரு பக்கத்துக்கு நான் நான்கு புள்ளிக்கு மேல் வைப்பதில்லை.

(காவிப் பொடியை வேட்டித் துணியில் சலிக்கும் காட்சி.)

கடைசியாகத் தூள். வெளிநாட்டு வெதரிங் பவுடர் விலை கொஞ்சம் கூடுதல். நான் மயிலாப்பூரில் கோலப்பொடியோடு விற்கும் காவியை வாங்கினேன். காவியின் நிறமே இரும்பு ஆக்சைடுதான், துருவுக்குச் சொந்தக்காரன். ஆனால் நேரடியாகப் போட்டால் ஒவ்வொரு துகளும் நம் அளவில் செங்கல் மாதிரி தெரியும். நாட்டு மருந்துக்கு வஸ்திரகாயம் செய்வது போல, பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை சலித்துக்கொள்ளுங்கள். பிரேக் தூளுக்குக் காவியோடு கொஞ்சம் கரித்தூள். சிமென்ட் ஏற்றும் வேகனுக்கு விபூதி அருமையாக ஒட்டுகிறது. பூஜை அறையிலிருந்து எடுக்காமல் தனிப் பொட்டலமாக வாங்கிவிடுங்கள், வீட்டில் சண்டை வேண்டாம்.

இன்னொன்று: நிஜ இரும்புத் துருவைச் சுரண்டிப் போட்டால் இயல்பாக இருக்குமே என்று சிலர் செய்கிறார்கள். வேண்டாம். அதில் இரும்புத் துகள் இருக்கும். இன்ஜினுக்குள் இருக்கும் மோட்டாரின் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும்.

சக்கரத்தின் முகப்பில் பழுப்பு பூசலாம், தண்டவாளத்தில் உருளும் பகுதியில் மட்டும் எதுவும் படக் கூடாது. இன்ஜினுக்கு மின்சாரம் அந்த வழியாகத்தான் வருகிறது. நிஜத்திலும் அந்த இடம் தேய்ந்து பளபளவென்றுதான் இருக்கும். தண்டவாளத்துக்கும் அப்படியே: பக்கம் துரு நிறம், தலை வெள்ளி.

(இரண்டாவது வேகன், ஐயாவின் கையில்.)

இடது பக்கம் இருந்த புது வேகனை இந்த முறைப்படி செய்து, போன ஞாயிற்றுக்கிழமை ஐயாவிடம் கொண்டுபோனேன். இந்தத் தடவை உள்பக்கத்தை முதலில் பார்த்தார். தலையாட்டினார். மேல் விளிம்பை விரலால் தடவினார். பிறகு கோடிச் சுவரைத் திருப்பினார்.

"எல்லாம் சரி தம்பி. பிரேக் பைப் எங்க? இது இல்லாம வண்டி எப்படி நிக்கும்?"

பழைய மோட்டாரிலிருந்து உருவிய அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்னிடம் இருக்கிறது. கொக்கியின் பக்கத்தில் துளை போட்டு, கம்பியைக் கீழே தொங்குகிற மாதிரி வளைத்துச் செருக வேண்டும். பயணிகள் பெட்டிக்கு இரண்டு குழாய், இந்த வேகனுக்கு ஒன்று போதுமாம். துளை போடும் பிட் இன்று மாலை பாரிமுனையில் வாங்கப் போகிறேன்.