எழுந்து நின்றால் வரும் தலைச்சுற்று

வணக்கம் நேயர்களே. கைநடுக்கத்துக்கு மருந்து குடிக்கிற பெரியவர் ஒருவர் விடியற்காலைக் குளிரில் லயத்துக் காம்பராவில் எழுந்து நிற்கிறார். கண் இருட்டிக்கொண்டு வர, கதவு நிலையைப் பிடித்துக்கொள்கிறார். நாம் என்ன சொல்கிறோம்? "இரத்தம் குறைவு." இல்லாவிட்டால், "வயசாயிருச்சு." பார்கின்சன் எனும் நடுக்க நோய் உள்ளவர் விஷயத்தில் அப்படிச் சொல்லி விட்டுவிடுவது எனக்குக் கவலை தருகிறது.

இந்த நோய் மூளையோடு நிற்பதில்லை. எழுந்து நிற்கும்போது பிரஷர் விழாமல் தாங்கிப்பிடிப்பவை சிம்பதெடிக் நரம்புகள். அவற்றில் இதயத்துக்கு வருபவற்றின் நுனிகளும் பட்டுப்போகின்றன. சிலருக்கு நடுக்கம் தொடங்குமுன்பே. ஈசீஜியும் எக்கோவும் அநேகமாக நன்றாகவே இருக்கும். அவை பார்ப்பது மின்னோட்டத்தையும் தசையையும் வால்வையும்தான், நரம்பு நுனியை அல்ல.

அதைப் பார்க்கவே எம்.ஐ.பி.ஜி. ஸ்கேன் இருக்கிறது. அந்த நரம்பு நுனிகள் சுரக்கும் நோரட்ரினலினைப் போன்ற ஒரு பொருளில் கதிரியக்க அயோடின்-123ஐச் சேர்த்து ஊசியில் ஏற்றுவார்கள். உயிரோடுள்ள நரம்பு நுனி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். சிறிது நேரத்தில் ஒரு படம், அப்புறம் மூன்று நான்கு மணி நேரம் கழித்து இன்னொன்று. நல்ல இதயம் படத்தில் தெளிவாகத் தெரியும். பார்கின்சன் நோயாளிகள் பலரின் படத்திலோ, பக்கத்தில் கல்லீரல் பளிச்சென்று தெரிய, இதயம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கும். முதன்முறை பார்ப்பவருக்கு அது திகைப்பாகவே இருக்கும்.

பார்கின்சனைப் போலவே தோன்றும் 'மல்டிபிள் சிஸ்டம் அட்ரோபி' நோயில் பெரும்பாலும் இதயம் தெரியும். அதனால் இரண்டையும் பிரித்தறிய ஜப்பானில் இந்த ஸ்கேனைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் சீனி வருத்தமும் இதயச் செயலிழப்பும்கூடப் படத்தை மங்கச் செய்யும். வைத்தியர் அதையும் பார்த்தே முடிவு சொல்வார்.

அயோடின்-123 சுமார் 13 மணி நேரத்தில் பாதியாகிவிடும் பொருள். எல்லா ஊரிலும் வைத்திருக்க முடியாது. சரி, ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருப்பவர் என்ன செய்வது? பிரஷர் பார்க்கும் கருவி தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே இருக்கும். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். செங்குத்தான மலைப்பாதையில் இறங்குகிறவருக்கு அந்த 20 சாதாரணமில்லை, விழுந்தால் இடுப்பு எலும்பே முறியலாம். பார்கின்சன் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரஷர் மாத்திரையும் குடிப்பவரென்றால், இரண்டு மருந்துச் சீட்டையும் ஒன்றாகக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.