மூச்சுக்குழாயின் கலங்கள் எப்போது நகரத் தொடங்குகின்றன?

[காட்சி: திருகோணமலைக் கடற்கரை, மழை. குரல் தொடங்குகிறது.]

வணக்கம். வடகீழ்ப் பருவமழை திருகோணமலையில் இறங்கியதும், முட்டு வருத்தம் உள்ள பிள்ளைகளின் தாய்மார் இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். வைத்தியர்கள் ஆஸ்துமா என்று எழுதும் இந்நோயில் என்ன நடக்கிறது என்று கேட்டால் பொதுவாக இரண்டு பதில்கள் கிடைக்கும். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது என்பது ஒன்று. குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்கிச் சளியைச் சுரக்கிறது என்பது மற்றது. இரண்டும் சரியானவையே. ஆனால் கலவியலாளரும் புள்ளிவிபரப் பௌதிகவியலாளரும் இணைந்து செய்த ஆய்வுகள், இவற்றோடு சேர்த்துக் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வியை அண்மைக் காலத்தில் முன்வைத்திருக்கின்றன. அந்த உட்சுவரை மூடியிருக்கும் கலப்படை திண்மம்போல் நிலைத்து நிற்கிறதா, திரவம்போல் ஓடுகிறதா என்பதே அந்தக் கேள்வி. இந்த வீடியோ அதைப் பற்றியது.

[காட்சி: மூச்சுக்குழாயின் குறுக்குவெட்டு வரைபடம்.]

மூச்சுக்குழாயின் உட்புறத்தை மேலணிக் கலங்கள் இடைவெளியின்றி மூடியிருக்கின்றன. அவற்றுள் சில, நுண்ணிய பிசிர்களை அசைத்துத் தூசியையும் கிருமியையும் சளியோடு மேல்நோக்கித் தள்ளுகின்றன. சில சளியைச் சுரக்கின்றன. அடியில் உள்ளவை தேய்ந்துபோனவற்றின் இடத்தை நிரப்பப் புதிய கலங்களை உருவாக்குகின்றன. உடலுக்கும் வெளியுலகத்துக்கும் இடையிலான தடுப்பு இதுதான் என்பதால், ஆரோக்கியமான ஒருவரில் இக்கலங்கள் தத்தம் அயலவரை விட்டு விலகாமல் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றை அப்படி நிறுத்தி வைப்பது எது என்பதைப் புரிந்துகொள்ள, சிறிது நேரம் உயிரியலை விட்டு விலகிப் பௌதிகவியலுக்குள் போகவேண்டும்.

[காட்சி: பிரெட்ரிக் கோட்டை வாசல், மகா சிவராத்திரி மாலை. மேலிருந்து எடுத்த படம்.]

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரெட்ரிக் கோட்டையின் வாசலூடாகச் செல்கிறது. சாதாரண நாளில் அதைக் கடப்பவர் தன் விருப்பப்படி வேகமாகவோ மெதுவாகவோ நடக்கலாம். சிவராத்திரி மாலையில் சனம் கூடக்கூட நடை தளர்கிறது; ஒருவர் நகரவேண்டுமானால் அவரைச் சூழ்ந்துள்ள பலரும் சேர்ந்து நகரவேண்டியிருக்கிறது; ஒரு கட்டத்தில் வாசலடியில் எவராலும் அசைய முடிவதில்லை. இங்கே யாரும் வரிசையாக அணிவகுத்து நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நீர் பனிக்கட்டியாகும்போது மூலக்கூறுகள் ஓர் ஒழுங்கான அடுக்கில் அமர்கின்றன. ஆனால் இந்தக் கூட்டமோ எந்த ஒழுங்கும் இல்லாமலே இறுகிவிட்டது. கண்ணாடியும் மணற்குவியலும் நுரையும் இறுகுவது இப்படித்தான். 1998இல் அன்ட்ரியா லியூ, சிட்னி நேகல் என்ற இரு பௌதிகவியலாளர், இந்த வெவ்வேறு பொருள்களின் இறுக்கத்தை ஒரே சட்டகத்துக்குள் வைத்து விளக்கலாம் என்று முன்மொழிந்தார்கள். அடர்த்தி எவ்வளவு, வெளியிலிருந்து வரும் தள்ளுவிசை எவ்வளவு, உள்ளே இருக்கும் சலனம் எவ்வளவு என்ற மூன்றையும் அறிந்தால், பொருள் ஓடுமா உறையுமா என்று சொல்லலாம் என்பது அவர்களுடைய கருத்து. அந்த உறைந்த நிலையை நாம் இங்கு நெரிசல் நிலை என்று அழைப்போம்.

இந்தச் சிந்தனையை உயிருள்ள கலங்களுக்குக் கொண்டுவரும்போது ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. அணுக்களையும் மூலக்கூறுகளையும் அசைப்பது வெப்பம். ஒரு கலம் மூலக்கூறைவிட மிகப் பெரியது. உடலின் 37 பாகை வெப்பம் அதை அயலவரைத் தாண்டித் தள்ளப் போதாது. கலத்தை நகர்த்துவது அதன் உள்ளே, கலத்தின் எரிபொருளான ஏடிபி என்ற மூலக்கூறை எரித்து இயங்கும் அக்டின், மயோசின் ஆகிய புரதங்களே. இப்படித் தன் ஆற்றலைத் தானே செலவிட்டு நகரும் அலகுகளின் கூட்டத்தை ஆராயும் துறைக்கு, தாமஸ் விக்செக்கும் அவருடைய சகாக்களும் 1995இல் வெளியிட்ட எளிய கணித மாதிரி பெரும் உந்துதலைத் தந்தது. சமநிலையில் உள்ள பொருள்களுக்காக எழுதப்பட்ட விதிகள் இங்கே அப்படியே செல்லாது. அவற்றில் எவை செல்லும், எவை செல்லாது என்று தேடுவதே இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்க்கும் வேலை.

[காட்சி: நுணுக்குக்காட்டியில் நகரும் கலங்கள், வேகப்படுத்திய பதிவு.]

2011இல் தாமஸ் அன்கெலினியும் சகாக்களும், ஆய்வுகூடங்களில் நெடுங்காலமாக வளர்க்கப்பட்டுவரும் நாய்ச் சிறுநீரகக் கலங்களை ஒரு மென்மையான பரப்பில் படையாக வளர்த்து, அவற்றின் அசைவை அளந்தார்கள். கலங்களின் எண்ணிக்கை கூடக்கூட அசைவு மெதுவானது. அத்துடன், சேர்ந்து நகரும் கலக் குழுக்களின் பருமன் வளர்ந்துகொண்டே போனது. குளிர்ந்துகொண்டிருக்கும் ஒரு திரவம் கண்ணாடியாக மாறுவதற்கு முன் காட்டும் அடையாளமும் இதுவே. உயிருள்ள இழையத்தில் அது தென்பட்ட பிறகு, நெரிசல் நிலை என்பதை அளந்து சோதிக்கக்கூடிய ஒரு கூற்றாகவே எடுத்துக்கொள்ள முடிந்தது.

ஆனால் கோட்டை வாசல் உவமை ஓர் இடத்தில் நம்மைக் கைவிடுகிறது. அந்த இடம்தான் இந்த ஆய்வுகளின் இதயம். கூட்டத்தில் ஆட்களுக்கிடையே இடைவெளி உண்டு. அது குறையும்போது நெரிசல் வருகிறது. மூச்சுக்குழாயின் கலப்படையில் இடைவெளியே கிடையாது. அது எப்போதும் முழுமையாக நிரம்பியிருக்கிறது. அப்படியானால் அதே முழு நிரம்பலில் ஒரு படை ஓடுவதும் இன்னொரு படை உறைவதும் எதனால்?

[காட்சி: பல்கோணிகளால் நிரம்பிய தளம். ஒரு விளிம்பு சுருங்கி மறைய, அயலவர் மாறுகின்றனர்.]

டாபெங் பி, லிசா மானிங் ஆகியோர் அடங்கிய குழு 2015இல் இதற்கு ஒரு விடை தந்தது. ஒவ்வொரு கலத்தையும் ஒரு பல்கோணியாக வைத்துக்கொள்வோம். அதன் சுற்றளவை எடுத்து, பரப்பளவின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அலகில்லாத ஓர் எண் கிடைக்கும். கலம் பெரிதா சிறிதா என்பது இந்த எண்ணைப் பாதிக்காது. வடிவம் மட்டுமே பாதிக்கும். ஒழுங்கான அறுகோணிக்கு அது 3.72, ஒழுங்கான ஐங்கோணிக்கு 3.81, சதுரத்துக்கு 4. கலம் நீண்டு மெலிய, எண் கூடுகிறது. இரு கலங்கள் அயலவரை மாற்றிக்கொள்ளவேண்டுமானால் அவற்றுக்கிடையேயுள்ள விளிம்பு சுருங்கி ஒரு புள்ளியாகவேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். கலங்கள் நாடும் வடிவத்தின் எண் 3.81ஐ விடக் குறைவாக இருக்கும்போது அந்த ஆற்றல் தடை உயர்ந்து நிற்கிறது, படை திண்மமாக இருக்கிறது, எண் 3.81ஐத் தாண்டும்போது தடை இல்லாமற்போகிறது, கலங்கள் ஒன்றையொன்று கடந்து நகரத் தொடங்குகின்றன. அடர்த்தி சற்றும் மாறாமலே திண்மம் திரவமாகிறது.

இதில் எதிர்பாராத விளைவொன்றும் உண்டு. கலத்தின் விளிம்பைச் சுருக்குவது அதன் தோலடியில் உள்ள அக்டின் வலையின் இழுவிசை. விளிம்பை நீட்டுவது அயற்கலத்தோடு ஒட்டும் விசை. ஆகவே இந்த மாதிரியின்படி, கலங்கள் ஒன்றோடொன்று கூடுதலாக ஒட்டினால் சுற்றளவு நீண்டு, படை ஓடக்கூடியதாகிறது. நன்றாக ஒட்டியவை அசையாது என்றுதானே நாம் எண்ணுவோம்? அந்த எண்ணம் இங்கே எல்லா வேளையிலும் பொருந்தாது.

[காட்சி: இரண்டு கலப்படைகள் அருகருகே, ஒன்று நிலைத்திருக்க, மற்றது சுழித்து ஓடுகிறது.]

அதே 2015இல், ஹார்வர்ட் பொதுச் சுகாதாரப் பாடசாலையில் ஜெஃப்ரி ஃபிரெட்பேர்க், ஜின்-ஆ பார்க் ஆகியோரின் குழு இந்த எண்ணை மனித மூச்சுக்குழாய்க் கலங்களில் தேடிப் பார்த்தது. ஆஸ்துமா இல்லாதவர்களிடமிருந்து பெற்ற கலங்களையும், ஆஸ்துமா உள்ளவர்களிடமிருந்து பெற்ற கலங்களையும், மேற்புறம் காற்றும் அடிப்புறம் ஊட்டத் திரவமும் படும்படி வளர்த்தார்கள். முதல் வகைக் கலங்கள் முதிர முதிர வடிவ எண் 3.81ஐ நோக்கி இறங்கியது. படை உறைந்து நின்றது. ஆஸ்துமாக் கலங்களும் இறுதியில் உறைந்தன, ஆனால் அதற்கு அவை எடுத்த காலம் மிகவும் நீண்டது. பின்னர், உறைந்திருந்த ஆரோக்கியமான படையின்மேல் 30 சென்ரிமீற்றர் நீர் உயரத்துக்குச் சமமான அமுக்கத்தைக் கொடுத்தார்கள். மூச்சுக்குழாய்த் தசை இறுகும்போது மேலணிக் கலங்கள் உணரும் நசுக்கத்தை ஒத்தது அது. உறைந்திருந்த படை மீண்டும் திரவமாகி ஓடத் தொடங்கியது.

இவை தட்டில் வளர்த்த கலங்கள் என்பதை நினைவில் வைத்திருக்கவேண்டும். கலங்கள் உறையத் தாமதிப்பது ஆஸ்துமாவுக்குக் காரணமா, ஆஸ்துமாவின் விளைவா என்பதை அந்தப் பரிசோதனை தீர்த்து வைக்கவில்லை. ஆனாலும் அழற்சிக் கலமோ ஒவ்வாமைப் பொருளோ எதுவும் இல்லாத நிலையில், வெறும் நசுக்கம் மட்டுமே இழையத்தின் நிலையை மாற்றப் போதுமானது என்பதை அது காட்டியது. 2020இல் ஜெனிஃபர் மிச்செலும் சகாக்களும் மேலும் ஒன்றைத் தெளிவுபடுத்தினார்கள். அமுக்கத்தால் ஓடத் தொடங்கிய கலங்கள் தம் பிணைப்புகளை அறுத்துக்கொண்டு தனித்தனியாகப் பிரிந்து போகவில்லை. படையாகவே இருந்து கூட்டாக நகர்ந்தன.

இழையம் திரவமாவதை ஒரு கேடாக மட்டும் நினைத்துவிடக்கூடாது. காயம் ஆறுவதற்கு அது வேண்டும். முளையம் உருவாவதற்கும் வேண்டும். 2018இல் ஒட்கெர் காம்பாஸின் குழு, வளர்ந்துகொண்டிருக்கும் சீப்ரா மீன் முளையத்தினுள் காந்தத் தன்மையுள்ள எண்ணெய்த் துளிகளைச் செலுத்தி, வெளியிலிருந்து காந்தப்புலத்தால் அவற்றை உருமாற்றி, சூழவுள்ள இழையம் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்று அளந்தது. வாலின் நுனிப்பகுதி திரவமாகவும், அதற்கு முன்னால் உள்ள பகுதி திண்மமாகவும் இருந்தன. இந்த வேறுபாட்டின் உதவியால்தான் உடல் பக்கவாட்டில் பரவாமல் நீளவாக்கில் வளர்கிறது. அங்கே கலங்களுக்கிடையே உண்மையான இடைவெளிகள் இருந்தன என்பதால், அடர்த்தி மீண்டும் கணக்குக்குள் வந்தது.

[காட்சி: நிறமூட்டிய இழையத் துண்டங்கள்.]

புற்றுநோயிலும் இதே அளவீடு நுழைந்திருக்கிறது. லைப்சிக் பல்கலைக்கழகத்தின் ஜோசஃப் கேஸ் தலைமையிலான குழு, கட்டியின் கலங்களும் அவற்றின் கருக்களும் நீண்டு உருமாறியிருக்கும் இடங்களில் இழையம் ஓடக்கூடியதாக இருப்பதை 2021இல் காட்டியது. 2023இல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மார்பகப் புற்றுநோயாளரின் பழைய இழையத் துண்டங்களை ஆராய்ந்து, கலங்கள் நெரிசலிலிருந்து விடுபட்ட நிலைக்கும் நோய் தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவும் அபாயத்துக்கும் தொடர்பிருப்பதாக அறிவித்தது. இதற்குத் தேவையானது, நோயறியும் பிரிவுகளில் ஏற்கெனவே தயாரிக்கப்படும் நிறமூட்டிய துண்டமும் ஒரு கணினியும்தான். வசதி குறைந்த நாடுகளின் வைத்தியசாலைகளை மனதில் வைத்துப் பார்க்கும்போது, இந்த ஆய்வு முழுவதிலும் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது இதுதான்.

[காட்சி: நீல நிற இன்ஹேலர், மண்ணிற இன்ஹேலர்.]

மீண்டும் மூச்சுக்குழாய்க்கு வருவோம். 2024இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஜோடி ரோசன்பிளாட்டின் குழு வெளியிட்ட ஆய்வை, மேலே சொன்ன அமுக்கப் பரிசோதனையோடு சேர்த்து வாசிக்கவேண்டும் என்பது என் கருத்து. ஒரு கலப்படையில் நெருக்கடி அதிகமானால் சில கலங்கள் உயிரோடிருக்கும்போதே வெளியே தள்ளப்படுகின்றன என்பதை இவருடைய குழு 2012இலேயே காட்டியிருந்தது. எண்ணிக்கையைச் சீராக வைத்திருக்கும் இயல்பான வழி அது. ஆஸ்துமாத் தாக்கத்தின்போது தசை திடீரென இறுகுவதால் அந்த நெருக்கடி எல்லை மீறுகிறது, அளவுக்கு அதிகமான கலங்கள் வெளியேற்றப்படுகின்றன, தடுப்பு கிழிகிறது, சளி பெருகுகிறது, அழற்சி தொடர்கிறது. எலிகளிலும் மனித மூச்சுக்குழாய் மாதிரிகளிலும் இதைக் கண்டார்கள். அடுத்த தாக்கத்துக்கு மூச்சுக்குழாய் ஏன் இலகுவில் ஆளாகிறது என்பதற்கும் இதில் ஒரு விளக்கம் இருக்கிறது.

நீல இன்ஹேலரில் உள்ள சல்பியூட்டமோல் தசையைத் தளர்த்தி மூச்சை மீட்டுத் தருகிறது. உயிரைக் காக்கும் மருந்து அது. ஆனால் அந்த ஆய்வில், அது மூச்சுக்குழாயைத் திறந்தபோதும், கலங்கள் வெளியேறுவதையோ அதன் பின் வந்த அழற்சியையோ தடுக்கவில்லை. வைத்தியர் நாள்தோறும் எடுக்கச் சொல்லும் மண்ணிற இன்ஹேலரின் ஸ்டீரொயிட்டு, தாக்கங்கள் வராமற் குறைக்கிறது. ஒரு தாக்கம் குறைந்தால் ஒரு நசுக்கமும் குறைகிறது. முட்டு இல்லாத நாட்களில் அதை நிறுத்திவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வைத்தியரைக் கேட்காமல் அப்படிச் செய்யவேண்டாம் என்று உங்களை வேண்டுகிறேன்.

அதே ஆய்வில், கலங்கள் நெருக்கடியை உணரப் பயன்படுத்தும், இழுபட்டால் திறக்கும் அயன் வாயில்களை (மின்னேற்றமுள்ள துணிக்கைகளை உள்ளே விடும், கலச்சவ்விலுள்ள நுண்துளைகளை) காடோலினியம் குளோரைட்டு என்ற சேர்மம் கொண்டு அடைத்தபோது, எலிகளின் மூச்சுக்குழாயில் கலங்கள் அளவுக்கு மீறி வெளியேறுவதும் பின்தொடரும் அழற்சியும் தடுக்கப்பட்டன. அச்சேர்மம் மனிதரின் ஆஸ்துமாவுக்கு மருந்தாகச் சோதிக்கப்பட்டதல்ல. பல்வேறு அயன் வாயில்களை ஒருசேர அடைப்பதால், அது அப்படியே இன்ஹேலருக்குள் போகக்கூடியதும் அல்ல. கலம் நசுக்கத்தை உணரும் அந்தப் படியில் மட்டும், தீங்கின்றிக் குறுக்கிடும் மூலக்கூறு ஒன்று வேண்டும்.