கூலி வாங்கினால் நிய்யத் (எண்ணம்) கெட்டுவிடுமா?

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மருத்துவம் படிக்கிற பிள்ளைகளே!

'செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே' என்பது புகாரி தொகுப்பின் முதல் ஹதீஸ், நபிமொழி. தொழுகைக்கும் நோன்புக்கும் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டோம். ஊசி போடுகிற கைக்குச் சொல்லிக்கொடுத்தோமா?

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, அகழ் யுத்தம். ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு பாய்ந்துவிட்டது. ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரத்தில் அவரை வைக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அந்தக் கூடாரம் இருந்தது நபியவர்களின் பள்ளிவாசலான மஸ்ஜிதுன் நபவியிலேயே! கவனிக்க ஆளில்லாத முஸ்லிம்களுக்கு அல்லாஹ்விடம் கூலியை எதிர்பார்த்துப் பணிவிடை செய்துவந்தவர் அவர் என்று நபியவர்களின் வரலாறு சொல்லும் சீறா நூல்கள் சொல்கின்றன. நபியவர்கள் அந்தப் பக்கம் போகும்போது, மாலையானால் "மாலையில் எப்படி இருக்கிறீர்?" என்றும் காலையானால் "காலையில் எப்படி இருக்கிறீர்?" என்றும் ஸஅதை விசாரிப்பார்கள்.

சரி, ஸஅத் பிழைத்தாரா? இல்லை. பிறகு அந்தக் காயமே உடைந்து ரத்தம் ஓடி வஃபாத்தானார்கள், இறந்துபோனார்கள். ருஃபைதாவின் பேரோடு நிலைத்த நோயாளி, அவர் கையில் குணமாகாத நோயாளி. 'நான் நோயுற்றால் அவனே குணப்படுத்துகிறான்' என்று இப்ராஹீம் (அலை) சொன்னதாகக் குர்ஆனில் வருகிறதே, அதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? ஷிஃபா, அதாவது குணம், அவன் கையில். கட்டுப் போடுவதும், இரவில் எழுந்து பார்ப்பதும் நம் கையில். அதில்தான் நிய்யத் பார்க்கப்படும். நோயாளியின் முகம் தெரியாமல் பேனர் மட்டும் தெரிகிற முகாம் போட்டோக்களை நினைத்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்படியானால் காசு வாங்கினால் இக்லாஸ், அல்லாஹ்வுக்காக மட்டும் செய்கிற அந்தத் தூய்மை, போய்விடுமா? நபித்தோழர்களான ஸஹாபாக்களுக்கே இந்தச் சந்தேகம் வந்தது. பயணத்தில் ஒரு கோத்திரத்தாரிடம் விருந்து கேட்டார்கள், அந்தக் கோத்திரத்தார் மறுத்துவிட்டார்கள். சற்று நேரத்தில் அந்தக் கூட்டத்தின் தலைவரை விஷ ஜந்து தீண்டிவிட்டது. என்ன செய்தும் பலனில்லாமல் இவர்களிடமே ஓடி வந்தார்கள். "சோறு போடவில்லையே, கூலி பேசாமல் ஓத மாட்டேன்" என்று ஒரு ஸஹாபி ஆட்டு மந்தை ஒன்றைப் பேசிக்கொண்டு, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதினார். தலைவர் கட்டவிழ்த்துவிட்டது போல எழுந்து நடந்தார். ஆனாலும் நபியவர்களிடம் கேட்காமல் ஆடுகளைப் பங்கு வைக்க ஓதியவருக்கு மனம் வரவில்லை. நபியவர்கள் சிரித்துவிட்டு, "சரியாகத்தான் செய்தீர்கள், எனக்கும் ஒரு பங்கு வையுங்கள்" என்றார்கள். ஹலாலான கூலி இக்லாஸுக்கு எதிரி இல்லை. தேவையில்லாத ஸ்கேன் எழுதி வாங்குகிற கமிஷன்தான் எதிரி.

பிள்ளைகளே, உங்களுக்கு இன்னொன்று. மருத்துவம் தெரிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்தால், ஏற்படுகிற சேதத்துக்கு அவரே பொறுப்பு என்று அபூதாவூத் தொகுப்பில் ஹதீஸ் இருக்கிறது. "நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தேன்" என்பது அங்கே செல்லாது. வாட்ஸ்அப் கஷாயம் அனுப்புகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயாளிக்கும் நிய்யத் உண்டு. "மருத்துவம் செய்துகொள்ளலாமா?" என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, "செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்து வைத்திருக்கிறான்" என்றுதான் நபியவர்களிடமிருந்து பதில் வந்தது. ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டுத் தவக்குல், அல்லாஹ்மேல் பொறுப்பைச் சாட்டிவிட்டேன் என்று சொல்லாதீர்கள். வலீமா என்கிற கல்யாண விருந்தில் இரண்டு தடவை பிரியாணி வாங்கியதை டாக்டரிடம் மறைப்பதும் தவக்குல் ஆகாது.

அதே வலீமாவில்தான் சொந்தக்கார டாக்டரைப் பிடித்து, போனில் ரிப்போர்ட்டைக் காட்டி, "நம்ம ஆளுதானே" என்று இலவசமாக வைத்தியம் கேட்கிறோம். நபி (ஸல்) அவர்களுக்கு ரத்தம் குத்தி எடுத்தவர் அபூ தய்பா, ஓர் அடிமை. அவருக்கு ஒரு ஸாவு (அந்தக் காலத்து முகத்தல் அளவு) பேரீச்சம்பழம் கொடுத்தார்கள் நபியவர்கள். அதோடு விடவில்லை. எஜமானர்களிடம் பேசி, அவர் தன் சம்பாத்தியத்திலிருந்து அவர்களுக்குக் கட்டவேண்டியதையும் குறைக்கச் செய்தார்கள்.