பெரிய பம்ப் வைத்தால் இழுவை கூடுமா?

நேயர்களுக்கு வணக்கம். கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றையே இன்று பேசுவதற்கு எடுத்துக்கொண்டேன். டேங்குக்குள் இருக்கும் எரிபொருள் பம்பைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய பம்ப் ஒன்றைப் பொருத்தினால் எஞ்சினின் இழுவை கூடுமா என்பதே அந்தக் கேள்வி. கூடாது என்பதே என் பதில். ஆனால், கூடியது என்று சொல்பவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அது ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் மோட்டாரை மாற்றிவிட்டு இரண்டு மடங்கு பெரிய மோட்டாரை வைத்தால் தொட்டி சீக்கிரம் நிறையும். ஆனால் குளியலறைக் குழாயில் தண்ணீர் முன்பு வந்த வேகத்தில்தான் வரும். காரிலும் ஏறத்தாழ இதே கதைதான். பம்பின் வேலை, பெட்ரோலைக் குறிப்பிட்ட அழுத்தத்தில், பல கார்களில் 3 முதல் 4 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவில், எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் வாசல்வரை கொண்டுவந்து நிறுத்துவதோடு முடிந்துவிடுகிறது. அதில் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதை, எஞ்சினுக்குள் வரும் காற்றை அளந்து, எஞ்சினின் கணினியே முடிவுசெய்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்றைக் கூட்டாமல் பெட்ரோலை மட்டும் ஓர் அளவுக்கு மேல் கூட்டினால், கிடைப்பது கரும்புகையே தவிர சக்தி அன்று.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத, 100 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் எஞ்சின், ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்த நிலையில் மணிக்குச் சுமார் 30 லிட்டர் குடிக்கும். ஆர்வலர்கள் ஆசையாக வாங்கும் பம்போ மணிக்கு 255 லிட்டர் தரக்கூடியது. மிச்சம் எங்கே போகும்? அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும் பிரஷர் ரெகுலேட்டர் வழியாக, வந்த வழியே டேங்குக்குத் திரும்பிவிடும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கைக்காசைச் செலவழித்துத்தான் தெரிந்துகொண்டேன். என் பழைய கார் ஒன்று, எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றுக்கு மேல் போனதும், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதைப் போலத் தயங்கும். பில்டரை மாற்றினேன், பிளக்குகளை மாற்றினேன், பிறகு பம்பின் மேல் பழியைப் போட்டு, பெரிய பம்ப் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். சில வாரங்கள் ஓரளவு நன்றாக ஓடிய கார், மறுபடியும் தயங்கத் தொடங்கியது. முன்பைவிட மோசமாகவே தயங்கியது. ஒருநாள், பம்பை எட்டுவதற்காகப் பின்சீட்டைத் தூக்கிவிட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்ட்மீட்டரை எடுத்து அளந்து பார்த்தேன். பேட்டரி முனையில் 13.8 வோல்ட் இருந்தது. பம்பின் கனெக்டரில் 10.4 தான் இருந்தது. கனெக்டரைப் பிரித்தால், ஒரு பின் பழுப்பேறி, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் மெழுகு போல இளகிக் கிடந்தது. பெரிய பம்ப் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்ததால், ஏற்கெனவே பழுதாக இருந்த அந்த இணைப்பு இன்னும் சூடாகியிருக்கிறது. பேட்டரியிலிருந்து பம்புக்கு, ரிலே என்ற மின் சுவிட்சை வைத்துத் தடித்த வயர் இழுத்தேன்; பிறகு, வீம்புக்காகவே, கழற்றி வைத்திருந்த பழைய பம்பைத் திரும்பப் பொருத்தினேன். பிரஷர் கேஜின் முள் 3 பாரை விட்டு அசையவில்லை. அந்தப் பம்ப் எந்தக் குற்றமும் செய்திருக்கவில்லை!

புதிய பம்ப் வைத்ததும் இழுவை கூடியது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை என்றேன் அல்லவா? அவர்களுடைய பழைய பம்ப் தேய்ந்து, அழுத்தம் இறங்கியிருந்திருக்கும். இழந்தது திரும்பக் கிடைத்ததை அவர்கள் புதிதாகக் கிடைத்ததாக எண்ணிக்கொள்கிறார்கள். ஆகவே முதலில் கேஜை மாட்டி அழுத்தத்தை அளவுங்கள். அதன் பிறகு வோல்டேஜை அளவுங்கள். பம்பைப் பற்றிய பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பெரிய பம்ப் உண்மையிலேயே தேவைப்படும் இடம் டர்போ. டர்போ 1 பார் காற்றழுத்தம் தரும்போது, பல அமைப்புகளில் பெட்ரோலின் அழுத்தமும் 3 பாரிலிருந்து 4 பாருக்கு உயர வேண்டும். எதிர் அழுத்தம் உயர உயரப் பம்ப் தரும் அளவோ குறைந்துகொண்டே போகும். எஞ்சின் அதிகம் கேட்கும் நேரத்தில்தான் பம்பால் குறைவாகக் கொடுக்க முடிகிறது. அந்த நேரத்தில் பெட்ரோல் போதாமல் போனால் எஞ்சின் தட்டும் (எரிபொருள் தப்பான நேரத்தில் வெடித்துத் தட்டுவது போலச் சத்தம் வரும்), பிஸ்டனே ஓட்டையாகிவிடவும் கூடும். எனவே பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பாமல், உங்களுக்குத் தேவையான அழுத்தத்தில் அந்தப் பம்ப் எத்தனை லிட்டர் தருகிறது என்று கேட்டு வாங்குங்கள்.

எனக்கு ஒதுக்கிய நேரம் அந்தப் பழைய காரிலேயே கரைந்துவிட்டது. எத்தனாலைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். 85 சதவீதம் எத்தனால் கலந்த எரிபொருளுக்கு அதே சக்தியைப் பெறவே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலான அளவு வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தேவைக்கு மீறிய பம்பை வைத்தால், மிகுதியைத் திருப்பி அனுப்பச் சிறிய ரெகுலேட்டரால் முடியாமல், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் ஐடில் நிலையில் அழுத்தம் ஏறி மைலேஜும் கெடும். டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான் பம்பைக் குளிரவைக்கிறது என்பதால், டேங்கை அடிக்கடி வற்றவிட வேண்டாம். பெட்ரோல் பைப்பைக் கழற்றும் முன், உள்ளிருக்கும் அழுத்தம் இறங்க, பம்பின் பியூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் கழற்றிவிடுங்கள். வணக்கம்.