பாரிஸ், 1942: மேடையில் எந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும்?

(திரை: வெற்று மேடை. பின்திரையில் 'பாரிஸ், 1942' என்ற எழுத்து.)

நாடகம் தொடங்குகிறது. வெளியே ஜெர்மன் சிப்பாய்களின் காலணிச் சத்தம். உள்ளே ஒரு பெண் இசைத்தட்டைச் சுழலவிடுகிறாள். பிரெஞ்சுப் பாடகி எதித் பியாஃப் பாடுகிறார்: 'லா வி ஆன் ரோஸ்'. அரங்கில் பாதிப் பேர் உருகிப்போகிறார்கள். உருகட்டும். ஆனால் அந்தப் பாட்டை பியாஃப் எழுதியதே 1945-இல். இசைத்தட்டுக்காகப் பாடியது 1946-இல். நாடகத்தில் வரும் ஜெர்மானியர்கள் அதற்குள் தோற்று ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். 'நோ, ஜ ந ரெக்ரெத் ரியான்' என்று போடுகிறவர்களும் உண்டு. அது 1960-ஆம் ஆண்டு இசைத்தட்டு.

போர்க்காலப் பிரான்ஸ் என்றதும் நம் காதில் ஒலிப்பவற்றில் பெரும்பகுதி, போருக்குப் பிறகு வந்த திரைப்படங்கள் ஊட்டிய இசை. ஆகவே, இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரான்ஸை மேடையேற்றப்போகும் குழுவுக்காக இந்த வீடியோ. 'இது பழைய பாட்டா?' என்ற கேள்வி போதாது. இந்தப் பாத்திரம், இந்த ஊரில், இந்த மாதத்தில் இதைக் கேட்டிருக்க முடியுமா? எதன் வழியாக? இசைத்தட்டிலா, வானொலியிலா, தெருப் பாடகரிடமா? அப்படித்தான் கேட்க வேண்டும்.

(திரை: ஷார்ல் த்ரெனேயின் புகைப்படம்.)

பாடகர் த்ரெனேயின் 'தூஸ் பிரான்ஸ்' நல்ல உதாரணம். பாட்டு 1943-இல் பிறந்தது. அப்போதே மேடையில் பாடப்பட்டது. அவர் அதை இசைத்தட்டில் பதிந்ததோ 1947-இல். எனவே, 1943-இல் நடக்கும் காட்சியில் ஒரு நடிகர் இதை வாயால் பாடினால் சரி. அதே காட்சியில் கிராமஃபோனில் சுழலவிட்டால் தவறு. 'லா மேர்' பாட்டுக்கும் இதே கதைதான்: இயற்றியது 1943, அவர் குரலில் இசைத்தட்டு 1946. எந்தப் பாட்டை எடுத்தாலும் எழுதிய ஆண்டு, முதலில் பாடிய ஆண்டு, பதிந்த ஆண்டு ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் யாரோ ஒருவர் வீடியோவின் தலைப்பில் போட்ட ஆண்டை நம்பி மேடையேற வேண்டாம். மறுவெளியீட்டு ஆண்டையும் பதிவு ஆண்டையும் அங்கே குழப்பி வைத்திருப்பார்கள்.

சில சமயம் காதே சாட்சி சொல்லும். ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ராய்ன்ஹார்ட்டின் 'நுவாஜ்' 1940 டிசம்பரில் பாரிசில் பதிவானது. அதில் வயலின் இல்லை, கிளாரினெட்தான் கேட்கும். ஏனென்றால் அவருடன் வழக்கமாக வயலின் வாசிக்கும் ஸ்தெஃபான் கிராப்பெல்லி அப்போது லண்டனில் இருந்தார். கிராப்பெல்லியின் வயலின் ஒலிக்கும் 'நுவாஜ்' உங்கள் கையில் இருந்தால், அது இருவரும் 1946-இல் லண்டனில் மீண்டும் சந்தித்தபோது அல்லது அதற்கும் பிறகு பதிந்தது.

(திரை: 1939 செப்டம்பர் முதல் 1944 ஆகஸ்ட் வரை ஒரு காலக்கோடு.)

1939 செப்டம்பரில் போர் அறிவிக்கப்பட்டு, 1940 மே வரை பெரிதாக எதுவும் நடக்காத மாதங்கள். பாட்டுகளில் ஒரே கேலியும் தெம்பும். ஜெர்மானியரின் சீக்ஃப்ரீட் அரண் வரிசையில் நம் துணிகளைக் காயப்போடுவோம் என்று ஓர் ஆங்கிலப் பாட்டு. ரே வாந்துரா இசைக்குழு அதைப் பிரெஞ்சில் பாடியது. மோரிஸ் ஷெவாலியே, பட்டாளத்தில் சேர்ந்த பலதரப்பட்ட ஆட்களை ஒவ்வொருவராக நையாண்டி செய்து, எல்லோருமே அருமையான பிரெஞ்சுக்காரர்கள் என்று முடிக்கும் பாட்டைப் பாடினார். 1940 ஜூன் 14-இல் ஜெர்மன் படை பாரிசுக்குள் நுழைந்தது. அன்றோடு இந்த வகைப் பாட்டின் ஆயுள் முடிந்தது. வாந்துரா யூதர், பிறகு இசைக்குழுவோடு தென் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். ஆக, சீக்ஃப்ரீட் பாட்டை 1941 பாரிஸ் வானொலியில் ஒலிக்கவிடும் நாடகம் ஒரே வீச்சில் இரண்டு தவறு செய்கிறது.

அதற்குப் பிறகு வந்தவை காத்திருப்பின் பாட்டுகள். இங்கே கொஞ்சம் நிதானிக்கலாம், ஏனென்றால் மேடைக்கு மிகவும் உதவுபவை இவைதான். 1940-இல் ஏறக்குறைய 18 லட்சம் பிரெஞ்சுப் படைவீரர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கணக்கில் ஜெர்மனியில் அடைபட்டுக் கிடந்தார்கள். கணவன் இல்லாத வீடுகள், அப்பா இல்லாத குழந்தைகள். ரீனா கெத்தி 1938-இல் பாடிய 'ஜத்தாந்த்ரே', அதாவது 'காத்திருப்பேன்', ஓர் இத்தாலியப் பாட்டின் பிரெஞ்சு வடிவம். போரோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் வீடுகள் காலியானதும் அதன் பொருளே மாறிப்போனது. 1941-இல் லெயோ மர்ஜான் பாடிய 'ஜ சுயி சேல் ச சுவார்', 'இன்றிரவு தனியாக இருக்கிறேன்' என்று ஒரு பெண் சொல்லும் பாட்டு. அதில் போர் என்ற சொல்லே தேவைப்படவில்லை. கேட்ட ஒவ்வொருத்திக்கும் யார் இல்லை என்று தெரியும். அதே மர்ஜான் ஜெர்மானியர் நடத்திய ரேடியோ பாரியில் பாடியதற்காக விடுதலைக்குப் பிறகு விசாரணையைச் சந்தித்து, விடுவிக்கப்பட்டார். அந்தக் குரலை மேடையில் ஒலிக்கவிடும்போது இரண்டையும் சேர்த்துத்தான் ஒலிக்கவிடுகிறீர்கள்.

இயக்குநர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 1942 என்றால் அக்கார்டியன், அக்கார்டியன் என்றால் நடனம் என்று முடிவுகட்டிவிடுவார்கள். பொது நடனங்கள் 1940-இலேயே தடைசெய்யப்பட்டன. தோல்விக்குப் பிறகு விஷி நகரில் மார்ஷல் பெத்தேன் தலைமையில் வந்த பிரெஞ்சு அரசும், அதாவது விஷி அரசும், தடையை நீக்கவில்லை. ஆடியவர்கள் கொட்டகைகளில், தோட்டங்களின் பின்புறத்தில் ஒளிந்து ஆடினார்கள். இப்போது லூசியேன் தெலீல் 1942-இல் பாடிய 'மோன் அமான் த சான் ஜான்' பாட்டை மறுபடி கேளுங்கள். நடனக் கூடத்தில் ஒருவனிடம் மனத்தைப் பறிகொடுத்த பெண்ணின் வால்ட்ஸ் அது. நடனக் கூடங்கள் மூடிக்கிடந்த நாட்டில் அது சக்கைப்போடு போட்டது. நாடகத்தில் நான்கு ஜோடிகள் பகிரங்கமாக அதற்கு ஆடினால் காட்சி பொய்யாகிவிடும். ஒருவர் கதவருகே காவல் நிற்க மற்றவர்கள் ஆடினால் அதே காட்சிக்கு உயிர் வந்துவிடும்.

(திரை: மார்ஷல் பெத்தேன் படம், வகுப்பறையில் பாடும் குழந்தைகள்.)

விஷியின் பாட்டு 'மரேஷால், நூ வுவாலா'. 1941. 'மார்ஷல், இதோ வந்துவிட்டோம்' என்று பள்ளிக் குழந்தைகள் பெத்தேனைப் போற்றிப் பாடினார்கள். எழுதியவர் ஆந்த்ரே மோந்தகார். மெட்டு, காசிமிர் ஒபர்ஃபெல்த் 1930-களில் போட்ட ஒரு கேளிக்கைப் பாட்டிலிருந்து உருவியது. ஒபர்ஃபெல்த் போலந்தில் பிறந்த யூதர். பாரிஸ் கேளிக்கை மேடைகளுக்கு மெட்டுகளை அள்ளிக் கொடுத்தவர். அவர் மெட்டைப் பாடிக்கொண்டே ஒரு நாடு அவரைப் பிடித்து நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பியது. 1945-இல் இறந்தார். எந்த நாடக ஆசிரியரும் இப்படி ஒரு திருப்பத்தைக் கற்பனை செய்யத் துணியமாட்டார். இந்தப் பாட்டைப் பயன்படுத்தினால் நிகழ்ச்சித் தாளில் இசையமைப்பாளர் யார் என்பதைச் சரியாக அச்சிடுங்கள்.

எதிர்ப்புப் பாட்டுகளுக்கு வருவோம். 'ஷான் தெ பார்திசான்', அதாவது 'கெரில்லாக்களின் பாட்டு', இல்லாமல் போர்க்கால நாடகமே இல்லை என்ற நிலை வந்துவிட்டது. அதன் மெட்டை உருவாக்கியவர் ரஷ்யாவில் பிறந்து லண்டனுக்கு வந்த ஆன்னா மர்லி. முதலில் ரஷ்ய மொழியில்தான் பாடினார். பிரெஞ்சுச் சொற்களை 1943 மே மாதக் கடைசியில், லண்டனுக்குத் தெற்கே கூல்ஸ்டனில் இருந்த ஒரு விடுதியில், ஜோசஃப் கெசெலும் அவருடைய உறவினர் மோரிஸ் த்ருவோனும் எழுதினார்கள். பிரான்சுக்குள் இருந்தவர்கள் இதைப் பெரும்பாலும் எப்படிக் கேட்டார்கள் தெரியுமா? சீழ்க்கையாக. பிபிசியில் 'ஒன்னேர் எ பாத்ரி' நிகழ்ச்சியின் அடையாள இசையாக இந்த மெட்டைச் சீழ்க்கையடித்து ஒலிபரப்பினார்கள். ஜெர்மானியர் அலைகளின் மேல் கொட்டிய இரைச்சலைச் சீழ்க்கை துளைத்துக்கொண்டு வந்தது. ஆகவே, 1942-இல் மலைமேல் கெரில்லாக்கள் நான்கு குரலில் இதைக் கோரஸாகப் பாடும் காட்சியை வெட்டிவிடுங்கள்.

லண்டன் வானொலியைக் காட்டுவதிலும் கவனம் வேண்டும். ரேடியோ பாரி பொய் சொல்கிறது, அது ஜெர்மன் வானொலி என்று 'லா கூகராச்சா' மெட்டில் பாடிய கிண்டல் வரி ஜான் ஒபெர்லேயின் கைவண்ணம், 1940-இல் வந்தது. பலரும் அதை நகைச்சுவைக் கலைஞர் பியேர் தக்கின் கணக்கில் எழுதுகிறார்கள். தக் லண்டன் போய்ச் சேர்ந்ததே 1943-இல்தான். கேட்பவர்கள் ஒலியைக் குறைத்து, பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டு கேட்டார்கள். அரங்கின் பெரிய ஸ்பீக்கரில் அதை அதிரவிடாதீர்கள். பெட்டிக்குள்ளேயே சின்ன ஸ்பீக்கர் ஒன்றை ஒளித்து வையுங்கள். இன்னொன்று: அந்தக் காலத்து வால்வு வானொலி திருகியவுடன் பாடாது. வால்வு சூடேறும் வரை சில நொடி மௌனம். நல்ல நடிகருக்கு அந்த நொடிகள் பரிசு.

நாட்டுப்பண்ணான 'மார்செயேஸ்' பாடுவது ஜெர்மானியர் ஆண்ட வட பகுதியில் தடைசெய்யப்பட்டிருந்தது. விஷியின் தெற்கில் அரசு விழாக்களிலேயே பாடப்பட்டது. ஒரே பாட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் சம்பிரதாயம். நம் புதுச்சேரி வேறு கதை: ஆளுநர் லூயி போன்வேன் 1940 செப்டம்பரிலேயே லண்டனிலிருந்து போரைத் தொடர்ந்த தெகோலின் சுதந்திர பிரான்ஸ் பக்கம் சேர்ந்துவிட்டார். புதுச்சேரியில் நடக்கும் போர்க்கால நாடகம் என்றால் மேலே சொன்ன கணக்கெல்லாம் தலைகீழாகும்.

(திரை: அட்டையில் பாடகியின் படம் அச்சிட்ட பழைய இசைத்தாள்.)

எங்கே தேடுவது? பிரெஞ்சு தேசிய நூலகத்தின் இணையக் களஞ்சியமான காலிக்காவில் தொடங்குங்கள். கட்டணம் இல்லை. அங்கே 'பெத்தி ஃபோர்மா' என்று தேடுங்கள். தெருப் பாடகர்களும் கடைகளும் மலிவு விலைக்கு விற்ற சிறிய இசைத்தாள்கள் இவை. சொற்கள், மெட்டு, வெளியீட்டாளர், உரிமை ஆண்டு எல்லாம் ஒரே தாளில் கிடைக்கும். நேரடியாகப் பாடப்போகும் நடிகருக்கு ஒலிப்பதிவைவிட இதுதான் பயன். வானொலியில் எந்த நாளில் என்ன ஒலித்தது என்று பார்க்க 'லே ஒந்த்' என்ற வார இதழ் இருக்கிறது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ரேடியோ பாரியின் நிகழ்ச்சி நிரலைச் சுமந்து வந்தது அது. வானொலிப் பதிவுகளுக்குத் தேசிய ஒலி-ஒளிக் காப்பகமான ஈனா. 78 சுழற்சி இசைத்தட்டுகளின் டிஜிட்டல் நகல்கள் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏராளம். தட்டின் நடுத்தாளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் ஓர் எண் கீறியிருக்கும். அந்த எண்ணை இசைத்தட்டுப் பட்டியல்களில் ஒப்பிட்டால் பதிவு நாள்வரை போய்விடலாம். ஜாஸ் தேடுகிறீர்களா? அமெரிக்கத் தலைப்பைப் போட்டால் அகப்படாமல் போகலாம். அந்த ஆண்டுகளில் அமெரிக்கப் பாட்டுகளுக்குப் பிரெஞ்சுப் பெயர் சூட்டி ஒளித்துத்தான் வாசித்தார்கள். 'செயின்ட் லூயி புளூஸ்' பாட்டு 'லா திரிஸ்தெஸ் த சான் லூயி' ஆகிவிட்டது.

உரிமை விஷயம் சலிப்பானது. ஆனால் தப்ப முடியாது. ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை, பாட்டுக்கு வேறோர் உரிமை. ஐரோப்பாவில் 1963-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் பொதுச்சொத்து, அதாவது ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் 1941-இல் வெளியான இசைத்தட்டுக்கு 100 ஆண்டு காப்பு உண்டு. நாடகத்தின் முன்னோட்டத்தை யூடியூபில் ஏற்றும்போது இது தலைதூக்கும். பாட்டுக்கோ, படைத்தவர்களில் கடைசியாக இறந்தவரிலிருந்து பிரான்சில் 70 ஆண்டுகள், இந்தியாவில் 60. அதோடு பிரான்ஸ் இரண்டு போர்களுக்கும் ஈடாக இசைப் படைப்புகளுக்குக் கூடுதல் காலம் தருகிறது: முதல் போருக்கு 6 ஆண்டு 152 நாள், இரண்டாவதற்கு 8 ஆண்டு 120 நாள். முதல் உலகப் போரின் புகழ்பெற்ற 'மதலோன்' பாட்டுக்கு இசையமைத்த காமீய் ரொபேர் 1957-இல் இறந்தார். இந்தியாவில் அந்த மெட்டு 2018-இலேயே பொதுச்சொத்து. பிரான்சில் 2042 வரை பொறுக்க வேண்டும்.

பாட்டு உரிமைகளைக் கவனிக்கும் அமைப்புகள் உண்டு: பிரான்சில் மேடையேற்றினால் சாசெம், இந்தியாவில் ஐபிஆர்எஸ் அமைப்பை அணுகலாம். பாட்டைத் தமிழாக்கினால் அல்லது சொற்களை மாற்றினால் வெளியீட்டாளரிடம் தனி அனுமதி தேவை. த்ரெனே இறந்தது 2001-இல், ஆகவே அவர் பாட்டுகள் இன்னும் உரிமைக்குள்தான். 'ஷான் தெ பார்திசான்' எழுதிய இருவரில் த்ருவோன் 2009 வரை வாழ்ந்தார், ஆகவே பிரான்சில் அது குறைந்தது 2079 முடியும் வரை உரிமைக்குள் இருக்கும். ஒத்திகை தொடங்குவதற்கு முன்பே கடிதத்தை அனுப்பிவிடுங்கள். சொற்களை விட்டுவிட்டுச் சீழ்க்கை மட்டும் அடித்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். மெட்டுக்கும் அதே உரிமைதான். சீழ்க்கைக்கும் அனுமதி வாங்க வேண்டும்.